வேதநாயகபுரத்துக் கட்டத்தில் உள்ள பூஜ்ஜியம்

அனுப்புநர்:
ரீபா ஜெனோ,
கணிதத் துறை உதவிப் பேராசிரியர்,
வேதநாயகபுரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
விலங்குவழி நோய் முன்கணிப்புக் குழு,
திருநெல்வேலி.

பொருள்: என் கணவர் ஜெனோ எலிக்காய்ச்சலால் இறந்ததைக் கணக்கில் சேர்க்கக் கோருதல் – நான்காம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எலி, மாடு, மழை, வயல் வேலை ஆகியவற்றை வைத்து, எந்த ஊரில் எலிக்காய்ச்சல் வரும் என முன்கூட்டிச் சொல்லும் கணித மாதிரியைத் தங்கள் குழுவுக்கு அமைத்துக் கொடுத்தவள் நான். வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும் ஊருக்குப் பரிசோதனைக் கருவியும் மாத்திரையும் போகும். பச்சைக்குப் போகாது.

2. எங்கள் ஊரில் அந்தக் கருவி ஒருநாளும் இருந்ததில்லை. வாராந்திரப் படிவத்தில் என்ன எழுதுவது என்று கிராமச் செவிலியர் ஹமீது பீவி என்னிடம் கேட்டார். “சோதிச்சே பாக்கலியே டீச்சர், எப்படி பூஜ்ஜியம்னு போட?” என்றார். கட்டம் காலியாக இருந்தால் கணினி ஏற்காது, பூஜ்ஜியமே போடுங்கள் என்றேன். மூன்று வருடம் பூஜ்ஜியம் வந்தது, ஊர் பச்சையானது, பச்சை என்பதால் கருவி வரவில்லை. படித்தவள் செய்த வேலை இது.

3. டிசம்பர் மழைக்குப் பின் ஜெனோ, காலில் வெட்டுக்காயத்தோடு, எங்கள் வாழைக்குத் தண்ணீர் வரும், எலி நடமாட்டமுள்ள வாய்க்காலில் இறங்கி இரண்டு நாள் சகதி அள்ளினார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காய்ச்சல். கெண்டைக்கால் வலியில் எழுந்து நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். “உன் கணக்குலயே நம்ம ஊருக்கு ஒண்ணும் இல்லைன்னுதான வருது? பைய போவோம்” என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. நான்கு நாள் கழித்து, கண் மஞ்சளித்த பிறகுதான் கொண்டுபோனோம். ஜனவரி 4 அன்று இறந்தார்.

4. சோதனைக்கு எடுத்த இரத்தம் வழியிலேயே கெட்டுப்போனதால், இறப்புச் சான்றில் மஞ்சள் காமாலை என்றே உள்ளது. என் முதல் இரு மனுக்களுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு, உறுதி செய்யப்படாத மரணத்தைச் சேர்க்க விதியில்லை என்றும், அவ்விதியை எழுதியதே நான்தான் என்றும் தெரிவித்திருந்தீர்கள். உண்மைதான். கையெழுத்து என்னுடையதே.

5. இம்மனுவாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை என அறிவேன். அவரை ஒன்று என்று எழுத விதி இடம் தராவிட்டால் போகட்டும். அந்த வாரத்துக் கட்டத்தில் உள்ள பூஜ்ஜியத்தை மட்டுமாவது அழித்துவிடுமாறு வேண்டுகிறேன். எங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. காலிக் கட்டத்தைக் கணினி ஏற்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

இடம்: வேதநாயகபுரம்
நாள்: 17.06.2025

இங்ஙனம்,
ரீபா ஜெனோ