சாணவாயு அடுப்பும் நான் விட்ட ஒரு வரியும்

கார்த்திகை 8, ஞாயிறு

தூறல். இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், என் மேல் தப்பு இருந்தாலும்.

தொழுவத்துக்குப் பின்னால் சாணவாயுக் குழி போட்டு ஒரு மாதம். கிராம சேவகர் கொடுத்த புத்தகத்தை அய்யாவுக்கு வாசித்துக் காட்டி, கெஞ்சிச் சம்மதிக்க வைத்தவள் நான். நான்கு மாட்டுச் சாணமும் குழிக்கே போகிறது. வறட்டி தட்ட மிச்சமில்லை. அம்மா ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து கிடக்கிறாள்.

குழியின் இரும்பு மூடி மேலே எழும்பிவிட்டது. வாயு சேர்ந்துவிட்டது! புது அடுப்பில் அய்யா தீக்குச்சி வைத்தார். அணைந்தது. இன்னொன்று. அதுவும். ஒரு பெட்டி காலி.

“சிவகாசிப் பக்கத்துல இருந்துக்கிட்டு குச்சி பத்தலைன்னு வெளிய சொல்லிராதீக!” பக்கத்து வீட்டு அத்தை. பட்டாசு ஆபீசில் வெடிமருந்து அடைக்கும் வேலை. ஆனால் வாசலைத் தாண்டி வரவில்லை. “நாளெல்லாம் மருந்துக்குள்ள கிடக்கேன். இந்தச் சாணியத்தான் நம்ப முடியல.”

அம்மா: “வார ஞாயித்துக்கிழமைக்குள்ள எரியல, குழிய மூடிட்டு வறட்டி தட்டிருவேன்.”

கார்த்திகை 9, திங்கள்

மழை இல்லை. கணக்கு வீட்டுப்பாடம் பாதி.

புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ‘முதலில் சேரும் வாயு எரியாது. முழுவதையும் வெளியே விட்டுவிட வேண்டும்.’ அன்று அவசரத்தில் நான் வாசிக்காமல் தாண்டிய வரி. ஒரு மாதமாகச் சேர்ந்ததாயிற்றே!

அய்யாவிடம் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று நினைத்தேன். “இத அன்னைக்கே வாசிச்சிருக்கலாம்ல, தாயி?” அவ்வளவுதான்.

குழாயைத் திறக்கப் போனார். “அண்ணே, மொதல்ல பீடிய அணைங்க!” சுவருக்கு அப்பாலிருந்து அத்தை. நாற்றம். மூடி அடிவரை இறங்கியது. அம்மா மறுபடி விறகடுப்பை ஊதப் போனாள்.

கார்த்திகை 13, வெள்ளி

மூடி நான்கு விரல் உயர்ந்திருக்கிறது. அம்மாவும் அங்கே நின்று விரலால் அளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தேன்.” கையில் வாளி இல்லை.

கார்த்திகை 15, ஞாயிறு

நல்ல வெயில். கெடு இன்றோடு சரி.

ஒரே குச்சி. நீலச் சுடர்! புகையே இல்லை.

அத்தை உள்ளேயே வந்துவிட்டாள். “என்ன மதினி, வெடிக்கும்னு பாத்தா ஒரு சத்தத்தையும் காணோம்?”

அம்மா முதலில் வெந்நீர் மட்டும் வைத்தாள். சாணி வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தாள். பிறகு உலை. சோறு சோறாகத்தான் இருந்தது. இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கூடத்தில் வாயு விளக்கும் எரிந்தது. அய்யா செய்தித்தாளை விரித்தார், நான் பூகோளத்தை. “ரெண்டு பேரும் படிச்சது போதும். காலையில காப்பி போட வாயு வேணாமா?” அம்மாவே குழாயைத் திருகி விளக்கை அணைத்துவிட்டாள்.