எல்லையில் நிற்கும் தவளைக் குடங்கள்

மழை பொய்யாது பெய்க. சுனை வற்றாது நிறைக. முகில்தோய் நாட்டுக்கு உடையோனும் மலைச்சுனைகளின் காவலனுமாகிய ஆதன்வேள், திரைமுகத்துறையைச் செங்கோல் கோணாது ஆளும் பேரரசியும் நாம் தோளில் சுமந்து வளர்த்த தங்கையுமான காந்தள்நங்கைக்கு விடுக்கும் ஓலை. நின் கொற்றம் ஓங்குக. நின் கலங்கள் யாவும் கரை சேர்க. நம் மருமகன் சேந்தன் நீடு வாழ்க.

நீ அனுப்பிய குடங்கள் வந்து சேர்ந்தன. நம் சுனைகளில் களவாய்ப் பிடித்துக் கப்பலேற்ற இருந்த பொன்வரித் தவளைகளை நின் துறைக்காவலர் மீட்டதையும், அண்ணன் மகிழ்வான் என்று நீ அவற்றை ஈரத்துணி சுற்றி மலையேற்றியதையும் அறிந்து கண் கலங்கினோம். ஆயினும் ஒரு குடத்தையும் நாட்டுக்குள் விடவில்லை. எல்லைச் சாவடியிலேயே நிறுத்தி வைத்துள்ளோம். சிறுவயது முதல் நின் மூக்கு நுனியில் இருக்கும் கோபம் இதைப் படித்ததும் பொத்துக்கொண்டு வரும் என்பதையும் அறிவோம். காரணத்தைக் கேட்டபின் கோபித்துக்கொள்.

மணமாகிப் போகும் நம் குலத்துப் பெண்ணோடு பிறந்த வீட்டு மழையும் போகட்டும் என்று, ஓர் இணைத் தவளையைக் குடத்தில் இட்டுக் கொடுப்பது நம் வழக்கம். அக்குடத்தை யாரிடமும் தராமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நீ மலையிறங்கிய காட்சி இன்னும் நம் கண்ணில் நிற்கிறது. கடலோரத்தில் அவை கூவக் கேட்டு, தம் வீட்டுக்கும் வேண்டும் என்றனர் நின் ஊர்ச் செல்வர். அவர்கள் முற்றத்தில் கண்டு அயல்தீவத்தார் ஆசைப்பட்டனர். ஆசைப்பட்டவர்க்கெல்லாம் வணிகர் கப்பல் கப்பலாக அனுப்பினர். இன்றோ, முதல்மழை பெய்தும் மலை வாய் திறப்பதில்லை. அரண்மனைக்குப் பின்னுள்ள தாய்ச்சுனையில் மட்டும் சில குரல்கள், வெண்கலக் குடத்தை விரலால் சுண்டினாற்போல், விட்டு விட்டுக் கேட்கின்றன.

சென்ற கார்காலத்தில் நீ இவ்வாறே அனுப்பிய முதற்குடங்களைத் தென்மலைக் குடியினர் மேளம் கொட்டி, மஞ்சள்நீர் தெளித்து வரவேற்று, அன்றே தம் ஓடையில் திறந்துவிட்டனர். மழை ஓயுமுன்னே வந்தவையும் இருந்தவையும் தோல் உரிந்து, கால் விறைத்து மிதந்தன. மருத்துவர் நாகனார் அவற்றை ஆராய்ந்து, நின் துறைப் பண்டகசாலையில் நம் தவளைகளும் அயல்தீவத் தவளைகளும் ஒரே தொட்டியில் கிடந்தமையே காரணம் என்றார். அயலவற்றைக் கொல்லாத நோய் நம்மவற்றைக் கொல்லும் என்றும், அது நீர்வழியே பரவும் என்றும், கண்ணுக்கு நலமாய்த் தோன்றும் தவளையும் அதைச் சுமந்திருக்கும் என்றும் உரைத்தார். இக்குடங்களைத் தாய்ச்சுனையில் திறந்தால் எஞ்சிய குரலும் அடங்கும்.

மாலைதோறும் குதிரையேறிச் சாவடிக்கு வருகிறோம். குடங்களுக்குள் அவை கூவுகின்றன. நீயும் நாமும் நனைந்துகொண்டே கேட்ட அதே குரல். நம் வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று அழைக்க, உள்ளே விட மாட்டாமல் தாழ்போட்டு நிற்கிறோம். இதற்கு அரசனாய் இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. அழுகையும் வருகிறது, நங்கை. ஓலை எழுதுவோன் பார்க்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

நம் நாட்டில் இனி ஒரு தவளையும் மலையிறங்காது என்று ஆணையிட்டோம். பிடித்துப் பிழைத்தோர் பட்டினி கிடவாதபடி அவர்களையே சுனைக்காவலராக்கி, அவர்க்குப் படிநெல் அளக்கச் செய்தோம். நின் துறைக்கு நாம் ஆணையிடுதல் முறையன்று, அண்ணனாய் வேண்டுகிறோம். தான் பிறந்த நாட்டரசின் முத்திரையும் நின் முத்திரையும் சேர்ந்து இல்லாத தவளை எதுவும் கப்பலேற வேண்டா. வெவ்வேறு நாட்டுத் தவளைகளை ஒரே நீரில் இட வேண்டா. தொட்டி கழுவிய நீரை ஆற்றில் கொட்டவும் வேண்டா. மீட்டவற்றை அன்பு மிகுதியால் உடனே மலையேற்றாதே; மருத்துவர் சொல்லும்வரை அங்கேயே தனித்துப் பேணுக.

இனி மணச் செய்தி. தையில் நம் மகள் பொன்னரி சேந்தனை மணந்து நின் மருமகளாய் வருகிறாள். தாய்ச்சுனையில் எஞ்சியவற்றுள் ஓர் இணையை அவள் குடத்தில் இட வேண்டும் என்று குலப்பெரியோர் வற்புறுத்தினர். அத்தை வீட்டில் கூவுவதற்காகப் பிறந்த வீட்டை ஊமையாக்க மாட்டேன் என்று அவள் மறுத்துவிட்டாள். ஆகவே வெறுங்குடத்தோடு வருவாள். மணப்பெண் கையில் வெறுங்குடமா என்று நின் ஊரார் முணுமுணுப்பர். நீ வாயிலுக்கு இறங்கி வந்து, அனைவரும் காண அக்குடத்தை நின் இடுப்பில் வாங்கிக்கொள். தவளை எங்கே என்று கேட்போர்க்கு, அது தன் வீட்டில் இருக்கிறது என்று சொல். கேட்க ஆசையிருந்தால் அடுத்த கார்காலத்தில் நீயே வா. நீ வந்து நெடுங்காலம் ஆயிற்று.

சாவடியில் இருந்து இதை எழுதுவித்து, முகில் பொறித்த நம் முத்திரையை இட்டோம். அரக்கு உலரும் இவ்வேளையிலும் அவை கூவுகின்றன. குடங்களைத் திறவற்க என்று காவலர்க்கு மீண்டும் ஒருமுறை ஆணையிட்டு எழுந்தோம்.