உன் பெயர் இருந்த வரி

பொங்கலுக்கு ஊர் வந்திருந்தபோது, உனக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். எங்கோ வெளிநாட்டில் இருப்பவர். நாம் எழுதிய கோப்பில் ஒரு திருத்தம் செய்து உனக்கு அனுப்பியிருக்கிறார். "இந்த முகவரி இயங்கவில்லை. இவரைத் தெரிந்தவர்கள் யாராவது கோப்பில் இவர் பெயருள்ள வரியை மாற்ற முடியுமா?" என்று கணினிகளையும் சிறு கருவிகளையும் உள்ளிருந்து இயக்கும் கெர்னல் என்ற நிரலை எழுதுகிறவர்களின் குழுவில் பொதுவாகக் கேட்டிருந்தார். உன்னைத் தெரிந்தவன் அந்தக் குழுவிலேயே நான் ஒருவன்தான். நாகமலை புதுக்கோட்டை வீட்டு மாடியில் அதைப் படித்துவிட்டு, பதில் போடாமல் மடிக்கணினியை மூடி வைத்தேன்.

பசுமலையில் ஒரே கம்பெனியில் இருந்தோம். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் போர்டு செய்தோம். அந்த போர்டில் எந்தச் சிப் எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி எதற்கு என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பை எழுதுவது என் வேலை. கெர்னலுக்குக் கண் கிடையாது; கோப்பில் இருப்பதை அப்படியே நம்பும். அதனால் எப்படி விவரிக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் பொது விதிகளும், சிப்புக்குச் சிப் தனி விதிக்கோப்பும் உண்டு. நாம் எழுதியது விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சோதனை நிரலும் உண்டு.

கீழக்குயில்குடியில் என் பெரியப்பா கிணற்றில் முதல் போர்டைப் பொருத்திய நாள் உனக்கு நினைவிருக்கும். கிணறு நிறையத் தண்ணீர் கிடக்கிறது, போர்டோ வறண்டுவிட்டது என்று மோட்டாரை நிறுத்திக்கொண்டே இருந்தது. "என்னப்பா, எம்புட்டுத் தண்ணி கெடக்கு, இது இல்லைங்குது?" என்று பெரியப்பா சிரித்தார். நான் கோபத்தோடு, "செக் பாஸ் ஆயிருச்சு பங்காளி, ஒரு வார்னிங் கூட இல்ல" என்றேன். நீ என் திரையைப் பார்த்து, தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார் கம்பியின் நிலையை நான் தலைகீழாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தாய். இரண்டு விதமாகவும் எழுதப் பொது விதி அனுமதித்தது. அதனால்தான் சோதனை எதுவும் சொல்லவில்லை.

"எழுத்து சரியா இருக்கான்னுதேன் அது பாக்கும் மாப்ள. கெணத்துல தண்ணி இருக்கான்னு நாமதேன் எட்டிப் பாக்கணும்" என்றாய்.

அந்த சென்சார் சிப்புக்கென்று அதுவரை தனி விதிக்கோப்பே இல்லை. உட்கார்ந்து எழுதி, உலகத்துக்கே பொதுவான கெர்னலில் சேர்க்க அனுப்பினோம். அதில் பராமரிப்பாளர் என்று ஒரு வரி வேண்டும்; சந்தேகம் இருப்பவர்கள் அந்தப் பெயருக்குத்தான் எழுதுவார்கள். "ரெண்டு பேர் பேரும் போடுவோம்" என்றாய். நான் அப்போது பெங்களூர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "ஒம் பேரே இருக்கட்டும். யார் ஒக்காந்து பதில் போடுறது?" என்றேன். நீ சிரித்துவிட்டு விட்டுவிட்டாய்.

பிறகு என் புதுக் கம்பெனியிலும் அதே சிப்தான். விதிக்கோப்பில் மாற்றம் தேவைப்பட்டபோதெல்லாம் உனக்குத்தான் அனுப்பினேன். முன்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவாய். ஏன் தவறு, எப்படி எழுதலாம், ஊரில் மழை உண்டா என்பது வரை இருக்கும். கடைசி வருடத்தில் உன் பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. "தவறு. திரும்ப அனுப்பு." அவ்வளவுதான். பக்கத்து இருக்கைக்காரரிடம், "பேர் வந்ததும் ஆள் மாறிட்டாரு" என்று சொன்னேன். தொலைபேசியில் கேட்டபோது, "லேசா சுகர் மாப்ள, வேற ஒண்ணுமில்ல" என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு நீண்டிருக்கும். எனக்கு வேலை இருந்தது.

செய்தி வந்து நான் தெற்குவாசலுக்கு வந்து சேர்வதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

"டயாலிசிஸ் நடக்கைல எடது கைல ஊசி இருக்கும்ப்பா, அசைக்கக் கூடாது. சோத்துக் கையால மட்டும் தட்டிக்கிட்டுக் கெடப்பான். படுடாம்பேன். 'மாப்ள அனுப்பியிருக்கான்ணே, அவனுக்கு அவசரம்'பான்."

எனக்கு அவசரம். ஒரு முறை காலையில் அனுப்பிவிட்டு மதியமே நினைவூட்டலும் அனுப்பியிருந்தேன். அந்த மதியம் நீ எங்கே படுத்திருந்தாயோ.

குழுவில் கேட்டவருக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே. மாடியில் அதைப் படித்த மறுநாள் கோப்பைத் திறந்து உன் வரியை அழித்தேன். வேறு யார் பெயரையும் போட மனம் வரவில்லை. காலியாகவே இருக்கட்டும் என்று சோதனையை ஓட்டினேன். பராமரிப்பாளர் கட்டாயம் என்று அது மறுத்தது. நமது மற்ற பிழைகளைச் சுட்டிய அதே தொனிதான். உன் இடத்தில் என் பெயரை எழுதினேன். மீண்டும் ஓட்டினேன். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே நீ கேட்ட பெயர்தான் அது.

அனுப்புவதற்கு முன் உன் அண்ணனின் பூட்டுக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சாவி ஒன்றை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"பேர எடுத்துட்டா, அவன் எழுதுனதெல்லாம் போயிருமா?"

"இல்லண்ணே. எழுதுனது அவன் பேர்லயே இருக்கும். கேக்குறவுங்க மட்டும் இனிமே என்னையக் கேப்பாங்க."

அவர் சாவியிலிருந்த தூளை ஊதிவிட்டார். பிறகு, "அப்பப் பொறுமையாப் பதில் சொல்லுப்பா. அவன் சொன்னாப்புல" என்றார். குடித்துவிட்டுப் போ என்று டீ சொன்னார். குடித்துவிட்டு வந்து, அன்றைக்கே திருத்தத்தை அனுப்பினேன்.

இப்போது கேள்விகள் எனக்கு வருகின்றன. சோதனை நிரல் ஏற்றுக்கொண்ட பிறகும் சென்சார் தவறாகக் காட்டுகிறது என்று யாராவது எழுதினால், போர்டின் படத்தை வாங்கி, கம்பி கம்பியாகப் பார்த்து, பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறேன். பாதிக்கு மேல் நீ எனக்கு எழுதியவைதான். வேலை முடிந்ததும் நன்றி என்று எழுதுகிறார்கள். அந்த நன்றிக்கு மட்டும் இதுவரை ஒருவருக்கும் நான் பதில் போட்டதில்லை.