குட்டை ஓடும் கூர் ஓடும்

1946 ஜூலை 9
விடாத மழை. செவ்வந்திப் பாத்தி ராத்திரியோடு மொட்டை. உள்ளங்கை நீளத்துக்கு நத்தை! இந்த பங்களாத் தோட்டத்தில் இருபது வருஷம் வேலை, இப்படி ஒன்றைக் கண்டதில்லை. நாலு வாளி பொறுக்கினோம். லிங்கப்பன் மாசியில் கோபிநத்தத்து மாமியார் வீட்டிலிருந்து வாழைக்கன்று கொண்டுவந்து இங்கே நட்டிருந்தான். “மாமியார் சீரு வாழையோட நிக்கலையாட்ட இருக்குதே மாப்பிள்ளை, நத்தையும் கட்டிக் குடுத்தாங்களா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

ஜூலை 11
மேற்பார்வை பசவராஜ் காதுக்கு அது போய்விட்டது. நத்தை அவன் கன்றோடு வந்ததென்றே நம்பி லிங்கப்பனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். “சும்மா சொன்னேனுங்க சாமி” என்றேன். “நீனே சொன்னியல்லா தொட்டையா, இப்ப சும்மாவா?” என்று என் பேரைச் சொல்லி அதட்டினார்.

ஜூலை 12
லிங்கப்பன், பெண்டாட்டி சித்தம்மாவோடு மாமியார் ஊருக்கே போய்விட்டான். அவளுக்கு ஏழாவது மாசம். என் வாய் இருக்கிறதே—

ஜூலை 20
காலேஜ் வாத்தியார் வைத்யநாதன் வந்து நத்தை ஓடுகளை அளந்தார். ஊர்ப் பேர் எழுதிப் பெட்டி பெட்டியாக ஓடு சேர்த்து வைத்திருக்கிறார். “எல்லாம் ஒரே ஜாதிதான். ஆனா ஊருக்கு ஊர் வாகு மாறும். இதோ, கோபிநத்தத்து ஓடு. நீண்டு கூரா இருக்கு. உங்களோடது குட்டை, வயிறு பருத்தது. பெங்களூர் நர்சரி ஓடு மாதிரியே இருக்கு பாரும். அங்கேர்ந்து செடி ஏதாவது வந்ததா?”
“தெரியாதுங்க” என்றேன்.
சித்திரையில் பெங்களூரிலிருந்து முப்பது குரோட்டன் செடித் தொட்டிகளை ரயிலில் கொண்டுவந்தது நான். மண்ணைக் கிளறிக்கூடப் பார்க்காமல் பாத்தியோரம் இறக்கியதும் நான்.

ஜூலை 23
“ஒரு கிண்டலையும் காணோம், காச்சலா?” என்கிறாள் மாதம்மா. பெண்டாட்டியிடமே சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் வேலை போனது போனதுதானே?

ஜூலை 24
பசவராஜிடம் சொல்லிவிட்டேன். “மொதல்ல அவனைக் கூட்டிட்டு வா. உன் கதை அப்புறம்.”

ஜூலை 27
கோபிநத்தம் போனேன். லிங்கப்பன் யாரோ ஒருவருடைய சோளக்காட்டில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நிமிரவே இல்லை.
“இதுவும் கேலிதானுங்களா?”
சத்தியம் செய்தேன். ஆனால் இத்தனை வருஷமாக நான் சத்தியம் செய்து சொன்னதெல்லாம் கேலிதானே, எப்படி நம்புவான்? கஞ்சி கொண்டுவந்த சித்தம்மாதான் சொன்னாள்: “அவரு மூஞ்சியப் பாருங்க. கேலி பண்ற மூஞ்சியா அது?”

ஆகஸ்ட் 1
லிங்கப்பன் வேலைக்கு வந்துவிட்டான். பாத்திகள் அவன் பொறுப்பு. எனக்கு எருக்குழியும் நத்தை பொறுக்குவதும். மத்தியானம் தள்ளிப் போய் உட்கார்ந்து களியைப் பிரித்தான். நான் கூப்பிடவில்லை. சாயங்காலம் போகிற போக்கில், “வாளிய மூடி வையுங்க, ஏறி வந்துரும்” என்றான்.
மூடி வைத்தேன்.