யாரும் ருசி பார்க்காத கஞ்சி

சேசு மரி சூசை துணை

சென்னை, 2-3-1929

அன்புள்ள சவேரியம்மாளுக்கு இருதயம் எழுதுவது. நான் சுகம். நீயும் சின்னவன் சூசையும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன்.

இங்கே சர்வகலாசாலை விடுதியில் முஸ்லிம் மாணவர்கள் நோன்பு இருக்கிறார்கள். மாலையில் அவர்களுக்குக் கறி போட்டுக் கஞ்சி காய்ச்சுகிறேன். நேற்று வெள்ளிக்கிழமை, எனக்குத் தபசுகாலச் சுத்தபோசனம். கறி பட்ட கஞ்சியை ருசி பார்க்க முடியவில்லை. வார்டன் வாசலில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில், உப்பு போட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்து இன்னொரு கை போட்டேன்.

"சமையற்காரன் வாயில் வைக்காத கஞ்சியா? அதில் என்ன கலந்தாய்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் வார்டன். பையன்கள் கோப்பையோடு என்னையே பார்த்தார்கள்.

"எனக்கும் இன்னைக்கு விரதந்தான்யா, கறி தொடப்படாது" என்றேன்.

ராஜபாளையத்துப் பீர்மைதீன்தான் முதலில் குடித்தான். "நல்லாருக்கு அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றான். மற்றவர்களும் அதையே சொல்லி அண்டாவைக் காலி செய்தார்கள்.

இன்று காலை அண்டாவின் அடியைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். ஒரே உப்புக் கரிப்பு. பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளைகள் எனக்காக அத்தனை பேரும் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு படி அரிசிக்கு நீ எத்தனை கை உப்பு போடுவாய் என்று எழுது. உலை கொதித்துவிட்டது, நிறுத்துகிறேன். கடிதம் தவறாமல் 'எல்லோரும் சுகம்' என்று எழுதுகிறாய். இப்போது அதிலும் எனக்குச் சந்தேகம். சூசையின் இருமல் நின்றதா? உள்ளதை எழுது.

இருதயம்