கோழிக்குப் பிறகு உள்ள கதை

அன்பான பவானி, திரும்பிப் பார்க்கமாட்டாய் என்று தெரிந்தும் கூப்பிடுகிறேன்.

நாளைக்கு உன் புருஷன் ஒரு புத்தகம். சிரிக்காதே. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனை விசுவமடு நூலகத்தில் கதிரை போட்டு இருத்தப்போகிறார்கள். வாசிப்பு மாதமாம். ஊர்ச்சனம்தான் புத்தகம். விரும்பியவர்கள் எங்களை இரவல் எடுத்து, முன்னால் இருந்து கதை கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

நூலகப் பிள்ளை வீடு தேடி வந்தா. "அண்ணை, லான்ட்மாஸ்டர் உழவு மெசினில இடம்பெயர்ந்த கதையை நீங்கள் சொல்லவேணும்."

"அட்டை கிழிஞ்ச புத்தகம் பிள்ளை, பரவாயில்லையோ?"

"கிழிஞ்சதைத்தான் எல்லாரும் எடுக்கினம்."

அந்தப் புகழ்ச்சியில் மயங்கி ஓம் என்றுவிட்டேன்.

முந்தநாள் ஒத்திகை. எங்கள் கழுத்தில் இலக்க அட்டைகளைத் தொங்கவிட்டு, சுவரோரம் நிறுத்தி, பிள்ளை படமெடுத்தா. வயது வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்ததுபோல அட்டையை இரு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து, நாடியை உயர்த்தி, விறைத்து நின்றோம். சண்டை முடிந்து முகாமில் பதிவுக்கு நின்ற அதே நிலை. "கொஞ்சம் சிரியுங்கோவன்" என்று பிள்ளை கெஞ்சினா. கதவு எந்தப் பக்கம் என்று என் கண் தேடியது.

வாசலில் நின்ற நம் மகள் நிலா அதைப் பார்த்துவிட்டாள். அன்று கைக்குழந்தை, இன்று உயர்தரம் படிக்கிறாள். வரும் வழியில் சைக்கிளின் பின்னாலிருந்து சொன்னாள்: "சனிக்கிழமை அப்பாவை நான்தான் இரவல் எடுக்கிறன். நூலக மிஸ்ஸிட்டச் சொல்லிட்டன்."

"வீட்டில சும்மா கிடக்கிற புத்தகத்துக்கு ஏன் இரவல்?"

"வீட்டில கோழியோட மூடிப்போடுவியள்."

அந்தக் கோழிதான். பரந்தனிலிருந்து லான்ட்மாஸ்டரின் இழுவைப் பெட்டியில் சாமான் ஏற்றி ஓடும்போது, குசினிச் சட்டிக்குள் முட்டையிட்டதே. "இஞ்சேருங்கோ, இனிச் சமையலுக்கு ஒரு குறையுமில்லை" என்று நீ வயிற்றைப் பிடித்துச் சிரித்தாய். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு பெட்டியில் நீ இல்லை.

நீ ஷெல்லடியில் போனாய் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். நாம் பதுங்கியிருந்த பங்கர் குழிக்குள்ளேயே உன்னை மூடிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தது தெரியாது. அடையாளத்துக்கு ஒரு பனை நின்றது. பிறகு தேடிப் போனபோது பனையும் இல்லை, பங்கரும் இல்லை. "அம்மா எங்க?" என்று அவள் கேட்டால், கையை எந்தப் பக்கம் காட்டுவேன், பவானி? கேட்டபின் என்னோடு கதைக்காமல் விட்டால்? பின்னால் நிற்கும் யாரோ ஒருவன் போனில் படமெடுத்தால்?

காய்ச்சல் என்று சொல்லிப் படுக்கலாமா என்று காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பாழாய்ப்போன உடம்பு, பச்சைத்தண்ணீராய்க் கிடக்கிறது. அவளோ என் வெள்ளைச் சட்டையை அயன்பெட்டியால் அழுத்திக் கதிரையில் போட்டுவிட்டாள்.

போவேன். அட்டையைப் பிடிக்கமாட்டேன், அது தன்பாட்டில் தொங்கட்டும். கோழி முட்டையிட்டதும் நிறுத்தமாட்டேன். பனை வரை சொல்லுவேன். அதற்கப்பால் தெரியாததைத் தெரியாது என்றே நம் பிள்ளைக்குச் சொல்லுவேன்.

உன்ர பயந்தாங்கொள்ளிப் புருஷன்,
நிலாவின்ர அப்பா