சங்குமுனை என்று தொடங்கும் வரி

ஏப்ரல் 9, செவ்வாய்

உடுப்பிட்டியில் தீபன் வீட்டில் பாட்டை முடித்தோம். ரெகே இசையில் பாடகன் உருகுவான். நடுவில் டீஜே வந்து அதே தாளத்தின்மேல் வேகமாகக் கதைப்பான். தீபன் பாடகன், நான் டீஜே. இங்கே டீஜே என்றால் கலியாண வீட்டில் பாட்டுப் போடுபவன். விளக்கி அலுத்துவிட்டது.

என் முதல் வரி: ‘சங்குமுனை நிருஷன் வாறன், வழிவிடு!’ டீஜே பேரும் ஊரும் சொல்லித்தான் தொடங்குவான். ரெகே பிறந்த ஜமெய்க்காவில் தகரக் கொட்டில் பெடியனும் தன் தெருவின் பெயரைச் சொல்கிறான். என் அடுத்த வரிகளில் அப்பாவின் வலையை அறுத்த இழுவைப்படகு, வந்து படம் மட்டும் எடுத்துக்கொண்டு போன அதிகாரிகள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

அப்பா பாட்டைக் கரையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். முதல் வரி வந்ததும் தங்கமுத்து மாமி, “நிப்பாட்டு, திருப்பிப் போடு!” ஏழு தரம். வலை அறுந்த வரிவரை யாரும் வரவேயில்லை.

மே 3

தீபனின் ஊர்க் கோயில் திருவிழாவில் பாடப் போகிறோம். எங்கள் ஊரின் பெயர் உடுப்பிட்டியில் ஸ்பீக்கரில் கேட்கும்.

மே 11, சனி

கோயில் தலைவர் பரமலிங்கம், தீபனின் பெரியப்பா. போனில் பாட்டைக் கேட்டார். தீபன் பாடும்வரை கால் தாளம் போட்டது. என் முதல் வரியில் நின்றது.

“தம்பி சங்குமுனையோ?”

“ஓம் ஐயா.”

“அதிலை எந்தக் கோயிலடி?”

கோயிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அதற்குத்தான் அந்தக் கேள்வி. சொன்னேன்.

“குறை நினையாதையும். பாட்டுச் சரி. உந்தக் கத்தல்தான் சாமிக்கு முன்னாலை சரிவராது.”

கொடியேறி விரதம் தொடங்கும்வரை இவர்களுக்கு எங்கள் மீன் சரிவரும்.

வெளியே வந்து தீபன், “மச்சான், முதல் வரியை மட்டும் எடுத்துவிடன். மிச்சத்துக்கு நான் பெரியப்பாவைச் சமாளிக்கிறன்.”

“எடுக்கமாட்டன். உனக்கும் கோபமெண்டால் நீயும் பாடாதை.”

கையிலிருந்த மோட்டார் சைக்கிள் திறப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மே 24, வெள்ளி

பாடினான்.

வீதியோரம் நின்று கேட்டேன். குழாய் ஸ்பீக்கரில் பேஸ் செத்துப்போய்க் கிடந்தது. என் இடம் வந்தது. வெறும் தாளமாக விடுவான் என்று நினைத்தேன் — விசரன் நான். ஆலாபனை போட்டு நிரப்பினான். நல்லாயும் இருந்தது. அதுதான் தாங்கேலாமல் கிடக்கு. சனம் கை தட்டுது. ஒண்டு குறையுதெண்டு ஆருக்காவது தெரிஞ்சுதோ? தெரியாது. நாங்கள் இல்லாட்டி இவங்களுக்கு ஒண்டும் குறையாது.

மே 25

அப்பா கேட்டார், “எப்பிடிப் போச்சு?” நல்லாய்ப் போனது என்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

தீபன் இன்றும் போனில் அழைத்தான். எடுக்கவில்லை. எடுத்தால் மன்னித்துவிடுவேன்.

ஆகஸ்ட் 17, சனி

சாவகச்சேரியிலிருந்து தாரிகா என்றொரு பாடகி. எங்கள் பாட்டை எங்கேயோ கேட்டிருக்கிறாள். புதுத் தாளம், அவள் பாட்டு, நடுவில் என் பழைய வரிகள். யாழ்ப்பாணத்தில் பதிவு. மைக்கின் முன் நின்றேன்.

“தொடங்குங்கோ அண்ணை.”

இரண்டாவது வரியிலிருந்து தொடங்கினேன்.

அவள் முதல் வரியை எடுக்கச் சொல்லவில்லை. ஊரைக் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

“சுப்பர்” என்றாள். ஒரே தரத்தில் முடிந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அப்பா போனைக் காதோடு வைத்துக் கடைசிவரை கேட்டார். வலை அறுந்த வரியை இன்றுதான் முழுதாகக் கேட்டிருப்பார். பிறகு திருப்பிப் போட்டார். மறுபடியும் போட்டார்.

“இதிலை எங்கடை ஊர் எங்கையடா?”

“பாட்டிலை அதுக்கு இடம் காணேல்லை அப்பா.”

“ஓ… பாட்டெண்டால் அப்பிடித்தானே” என்று போனைத் தந்தார்.

முதல் வரி நாலு சொல். இடம் இருந்தது.